ஒல்லாந்துச் சேரிடம் நாங்கள் சொன்ன ஓம்

அண்ணா, முதலில் எழுதுவது உங்கள் தங்கை. இந்தக் கடிதம் அப்பாவுடையது. அவருடைய வலது கையில் ஊசி ஏற்றிக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அப்பா பேசுவதை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பழகிய எழுத்துத் தமிழில் எழுதுகிறேன். ஆட்கள் பேசிய இடங்களை மட்டும் பேசியபடியே விடுகிறேன். கூட்டாமல், குறைக்காமல், அழகுக்காக ஒரு சொல்லையும் மாற்றாமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். அப்பா அழுதால் அதையும் எழுதலாமா என்று கேட்டேன். "நான் அழமாட்டன், நீ எழுது" என்கிறார். இனி வரும் 'நான்' அப்பா.

அன்பு மகனுக்கு,

நேற்று நீ இந்த ஆஸ்பத்திரி வோர்ட்டுக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் இருந்து, போர்வைக்கு மேலாக என் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "அப்பா, உண்மையா ஓகேயா? இல்லாட்டிச் சொல்லுங்கோ, நான் போகேல்லை." நான் "ஓம், ஓம், சுகம். விசர்க்கதை கதையாமல் போயிட்டு வா" என்றேன். நீ நம்பினாய். நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். மகன், அந்த ஓம் பொய். எனக்கு இருப்பது நாங்கள் நினைத்த பித்தப்பைக் கல் அல்ல. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது. நீ வந்த அன்று காலையில்தான் டொக்டர் வந்து, திரையை இழுத்துவிட்டு, கதிரையைக் கிட்டப் போட்டு இருந்து சொன்னார். வெட்டி எடுக்க முடியாதாம். மருந்து கொஞ்சக் காலம் தள்ளித் தரலாமாம். நீ ஒரு வருட ஒப்பந்தத்தில் போகிறாய். அவ்வளவு காலம் என்னிடம் இல்லை.

உன் அம்மா சொல்லவேண்டாம் என்றார். "பிள்ளையின்ர வேலை இப்பதான் ஒரு நிலைக்கு வருது, அதைக் கெடுக்காதேங்கோ" என்று இந்தக் கட்டிலடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் ஓம் என்றேன். போனில் உன்னோடு பேசினால் திரும்பவும் சுகம் என்றே வாய் சொல்லும். ஆங்கிலத்தில் பேசினால் இன்னும் மோசம், 'ஃபைன்' என்ற சொல் எனக்கு முன்னால் ஓடிவிடும். அதனால்தான் தங்கையைப் பேனையோடு இருத்தியிருக்கிறேன். நீ தமிழ் மெல்லத்தான் வாசிப்பாய். மெல்ல வாசி. கப்பலுக்குப் போகிற வேறு பிள்ளைகள் யாரும் வாசிப்பதென்றாலும் வாசிக்கட்டும்.

வெளிநாட்டு மாலுமிகளுக்கு உயிர்காப்புப் படகுப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு நீ போகிறாய். அதே வேலையைத்தான் கெரிட் தம் ஆயுள் முழுக்கச் செய்தார். அவரை நீ 'ஒல்லாந்து மாமா' என்பாய், அவரிடம் பழகிய நாங்கள் 'ஒல்லாந்துச் சேர்' என்போம். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சமையலறை வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளும் அந்த நெடுவல் மனிதர் உனக்கு ஞாபகம் இருப்பார். ஆனால் அவர் ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று நான் உனக்குச் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் என்னுடைய ஓமை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் ஒல்லாந்தில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். மீசை முளைக்குமுன் கடற்படையில் சேர்ந்து, பழைய யுத்தத்தில் கடலடியில் விடுபட்டுக் கிடந்த கண்ணிவெடிகளை எடுக்கும் கப்பல்களில் வேலை செய்தார். பொறுமைசாலி என்று கண்டு, வெளிநாட்டு மாலுமிகளைப் பழக்கும் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். நாட்டின் வடமுனையில், எந்நேரமும் காற்று அடிக்கும் ஒரு துறைமுகம் அது. பிலிப்பைன்ஸ் பொடியன்கள், இந்தோனேசியர்கள், கேப் வேர்ட் தீவுக்காரர் எல்லோரும் அவரிடம் பழகினார்கள். பிறகு மன்னாரில் இருந்து நாங்கள் போனோம். ஊரில் சண்டை, வீட்டில் இளம் ஆம்பிளைப் பிள்ளையை வைத்திருக்கப் பெற்றோருக்குப் பயம். கொழும்பில் ஒரு ஏஜென்சி ஒல்லாந்துக் கப்பல்களுக்கு ஆள் எடுத்தது. நானும் என் பள்ளிக்கூடத் தோழன் மரியதாசும் ஒன்றாகப் போனோம். முதல் நாள் வரிசையில் நிற்கும்போது அவன் என் காதில், "மச்சான், இவையின்ர ஆக்கள்தான் எங்கட ஊரில கோட்டை கட்டினவை. இப்ப எங்களுக்குப் படகு விடப் பழக்கப் போயினமாம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிப்பு என்று கெரிட் கேட்டார். மரியதாஸ் திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னான். அவர் யோசித்துவிட்டு, "கோட்டை இன்னும் நிற்கிறதா?" என்றார். நிற்கிறது சேர் என்றோம். "அப்போது வேலை ஒழுங்குதான். படகையும் அப்படிப் பழகுங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த நிமிடத்தில் இருந்து மரியதாசுக்கு அவர் கடவுள்.

உயிர்காப்புப் படகின் சங்கதி உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு முனையிலும் கொளுக்கி. கப்பலின் உயரத்தில் இருந்து கம்பியில் இறக்கி, படகு தண்ணீரில் மிதந்த பிறகுதான் கைபிடியை இழுத்துக் கொளுக்கிகளைக் கழற்ற வேண்டும். கெரிட் விசில் ஊதித்தான் பழக்குவார். இறக்கத் தொடங்க ஒரு விசில், மிதந்ததும் ஒரு விசில். காலை முழுவதும் ஆங்கிலத்தில் விளக்கினார். மத்தியானம் சாப்பிடும்போது மரியதாஸ் கேட்டான்: "மச்சான், இழுக்கிறது எந்த விசிலுக்கு?" எனக்கும் வடிவாகத் தெரியாது என்றேன். "சேரிட்டக் கேளன்." "விசரே, அந்தாள் என்னை மொக்கன் எண்டு நினைக்கும். நீ கேள்" என்றான் அவன். நானும் கேட்கவில்லை. பின்னேரம் படகில் ஏறுமுன் கெரிட் எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்து, "எவ்ரிபடி கிளியர்?" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "யெஸ் சேர்" என்று தலையாட்டினோம். நம் ஊரில் படிப்பிக்கிறவர் கேட்டால் வேறு பதில் கிடையாது. விளங்கவில்லை என்பது எங்களுக்கு விளங்கவில்லை என்ற பொருளில் அல்ல, உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியவில்லை என்ற பொருளில் போய் விழும். அந்த மரியாதைக்குத்தான் ஓம் என்றோம். முதல் விசில் ஊதியது. மரியதாஸ் இழுத்தான். முன்கொளுக்கி கழன்று படகு மூக்குக் குப்புறத் தொங்கியது. மற்றவர்கள் தண்ணீரில் விழுந்தார்கள். அவன் துறைச் சுவருக்கும் படகுக்கும் நடுவில் விழுந்தான், தூக்கி எடுக்கும்போது உயிர் இல்லை. நான் அடுத்த முறைக்காகக் கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

விசாரணை வைத்தார்கள். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சேர் ஒழுங்காக விளக்கினாரா என்று கேட்டார்கள். ஓம், விளக்கினார் என்றோம். எல்லோருக்கும் விளங்கியதா? ஓம், விளங்கியது. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோம், பொய் சொல்வதாக ஒருவனும் நினைக்கவில்லை. அவர்மேல் குற்றம் இல்லை என்று முடிவாயிற்று. அப்போது கெரிட் எழுந்து பேச அனுமதி கேட்டார். "இந்தப் பையன்கள் இப்போது உங்களுக்கு எப்படி ஓம் சொல்கிறார்களோ, அன்று எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் ஓமைக் கேட்டுவிட்டுத் திருப்தியாக விசிலை ஊதினேன்" என்றார். அந்த அறையில் நாங்கள் தலை நிமிர்த்தவில்லை.

பிறகு அவருக்கு ஒரு கப்பலின் பொறுப்பைக் கொடுக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்று அந்தப் பள்ளியிலேயே இருந்துவிட்டார். அவருடைய மனைவி கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்தாராம். "நீ ஒரு படகையும் ஒரு பையனையும் கலியாணம் கட்டியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை அவர் என்னிடம் சொன்னபோது யாரையும் குறை சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஆனால் அவர் பழக்கும் விதம் மாறிவிட்டது. மரியதாஸ் போன பிறகு நாங்கள் திரும்பப் பயிற்சிக்குப் போன நாள், படகைத் தரையில் கட்டைகளின் மேல் வைத்திருந்தார். தானே உள்ளே ஏறி இருந்துகொண்டு, "இன்றைக்கு நான்தான் புதுப் பொடியன். எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சேர். படிப்பி" என்று என்னைக் காட்டினார். நான் சொல்லத் தொடங்கினேன். அவர் வேண்டுமென்றே பிழையான கைபிடியைப் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்ல இழுக்கத் தொடங்கினார். "சேர், பிளீஸ்..." என்றேன். இழுத்து முடித்துவிட்டார். "நீ பிளீஸ் சொல்வதற்குள் எல்லோரும் செத்துவிட்டோம். திரும்ப. உன்னுடைய பாஷையில் சொல், கத்து." இரண்டாம் முறை என் தொண்டையில் இருந்து "பிழை, சேர்" என்று வந்தது. "செத்தவனுக்கு என்னத்துக்கு சேர்?" என்றார். மூன்றாம் முறை "பிழை" என்று கத்தினேன். பின்னால் நின்ற எங்கள் பொடியன்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "டேய், சேரைப் பாத்துப் பிழை எண்டு போட்டான். ஊருக்கு எழுதுவம், இவன்ர தகப்பன் தோலை உரிப்பார்." கெரிட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி வெகு நேரம் கடலைப் பார்த்தார். அதன் பிறகு விளங்கியதா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. எந்த நாட்டுப் பொடியன் வந்தாலும் அவனுடைய மொழியில் 'பிழை'க்கு என்ன சொல் என்பதைத்தான் முதலில் கேட்பார். அதைத் தம் முகத்துக்கு நேரே கத்தாதவனைக் கப்பல் ஏற விடமாட்டார்.

நான் கடலை விட்டு லண்டன் வந்து பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில், மரியதாசின் பிலோமினா அக்கா கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் தையல் கடை போட்டிருந்தார். அதைக் கெரிட்டுக்கு எழுதினேன். அடுத்த மாதமே வந்துவிட்டார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா மெஷினை நிறுத்தாமலே, "ஆர் இந்த நெடுவல்?" என்றார். எங்களைப் பழக்கினவர் என்றேன். மெஷின் நின்றது. கெரிட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "உங்கள் தம்பி என் பொறுப்பில் இருந்தார். அவருக்கு விளங்கியதா என்று நான் பார்க்கவில்லை" என்றார். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். "எனக்கும் இங்கிலிஷ் விளங்கும், நீ பேசாமல் இரு" என்றார் அக்கா. பிறகு அவரிடம் கேட்டார்: "அவன் விளங்கேல்லை எண்டு சொன்னவனோ?" இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "இல்லை. சொல்ல முடியாத மாதிரி நான் கேட்டேன்" என்றார் அவர். அக்கா ஊசியை உயர்த்தி, சட்டையை மெஷினில் இருந்து எடுத்தார். "சின்னனிலயும் அவன் அப்பிடித்தான். வாத்தியார் என்ன கேட்டாலும் தலையாட்டுவான். வீட்டை வந்து என்னட்டத்தான் கேப்பான், அக்கா இது என்ன, அக்கா அது என்ன எண்டு. அங்க கேக்கிறதுக்கு நான் இல்லையே" என்று சொல்லி, தைத்துக்கொண்டிருந்த சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கெரிட் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கு இருக்க இடம் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. மன்னித்தேன் என்று அக்கா அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. "சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார். வருடாவருடம் அவர் வந்தார். அவருடைய உயரத்துக்குக் கடையில் காற்சட்டை கிடைக்காது. அக்கா மடிப்பைப் பிரித்து நீட்டித் தைத்துக் கொடுப்பார்.

(அப்பாவுக்கு வாய் உலர்ந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.)

நீ பள்ளிக்கூடம் தொடங்கிய வருடம் உன்னைக் கெரிட் ஆற்றைக் கடக்கும் வூல்விச் ஃபெரியில் கூட்டிக்கொண்டு போனார். நானும் வந்தேன். அங்கே மர வாங்கு ஒன்றில் இருந்துகொண்டு தம் சப்பாத்து நாடாவை அவிழ்த்து, "நான் புதுப் பொடியன், எனக்குக் கட்டத் தெரியாது, படிப்பி" என்றார். நீ அந்த வாரம்தான் நாடா கட்டப் பழகியிருந்தாய். அவர் பிழையாகக் கட்டினார். நீ துள்ளி எழும்பி, "பிழை, மாமா, பிழை, நீங்கள் சரியான மொக்கு" என்று கத்தினாய். ஃபெரியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் கையைப் பிடித்து இழுத்து, "பெரியாக்களை அப்பிடிச் சொல்லக்கூடாது" என்றேன். கெரிட்டின் முகம் மாறிவிட்டது. அவர் என்னோடு கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "அவனை விடு. இவன் உயிரோடு இருப்பான்" என்றார். அதன்பிறகு நீ என்னை எதிர்த்துப் பேசிய நேரமெல்லாம், கையை ஓங்காமல் என்னை நிறுத்தியது அந்த வார்த்தைதான்.

உன் தாத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கடலில் இருந்த காலத்தில் ஒவ்வொரு துறைமுகத்திலும் அவருடைய கடிதம் எனக்காகக் காத்திருக்கும். ஒவ்வொன்றிலும் தாம் சுகம் என்றே எழுதியிருப்பார். கடைசிக் கடிதங்கள் வந்தபோது அவர் படுக்கையில் விழுந்து மாதக்கணக்காகி இருந்தது. அவனுக்குச் சொல்லக்கூடாது, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாராம். நான் ஒரு துறைமுகத்தில் இறங்கி அவருடைய 'சுகம்' என்ற கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது அவரை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். என் நன்மைக்குத்தான் செய்தார். ஆனால் அவர்மேல் இன்றுவரை எனக்கு இருக்கும் கோபம் அது ஒன்றுதான். அவர் என்னைத் தேடினாரா, கூப்பிட வேண்டும்போல இருந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

கெரிட் அப்படிச் செய்யவில்லை. ஒரு நாள் நான் பஸ் டிப்போவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் எடுத்தார். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "எனக்கு நுரையீரலில் புற்றுநோய். அடுத்த குளிர்காலத்தைக் காணமாட்டேன். வருவதென்றால் இப்போது வா. செத்த பிறகு வந்தால் எனக்குப் பிரயோசனம் இல்லை." வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "என்ன மனிசன் இது, இப்பிடியும் போனில சொல்லுறதோ" என்று கத்தினேன். பிறகு லீவு போட்டுவிட்டு பிலோமினா அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே சின்ன வீட்டில் இருந்தார். அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தார், நான் அவருக்கு முகம் வழித்துவிட்டேன். ஒரு பின்னேரம், "மரியதாஸ் பாடுவானா?" என்று கேட்டார். படு மோசமாகப் பாடுவான் என்று அக்கா சொல்ல, அவருக்குச் சிரிக்க மூச்சுக் காணாமல் போயிற்று. கோடை முடியுமுன் அவர் போய்விட்டார். எனக்குத் துக்கம் இருக்கிறது, ஆனால் உன் தாத்தா தந்துவிட்டுப் போன அந்தக் குடைச்சல் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டார், நான் போனேன். அது எனக்குத் தெரியும்.

மகன், நீ இன்றைக்குப் போனாலும் அடுத்த வருடம் போனாலும் அந்த வேலையை இப்படிச் செய். உனக்கு முன்னால் வந்து நிற்கிற பொடியன் ஊரில் கடன்பட்டு, தாயை அழவிட்டு வந்திருப்பான். அவனுக்கு உன் சீருடை பெரிது, தன் உயிர் சின்னது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். அவனுடைய வாயைப் பார்க்காதே, கையைப் பார். கை கைபிடியைத் தேடித் தடுமாறினால் அவனுக்கு விளங்கவில்லை. உன்னைப் பார்த்துப் பிழை என்று கத்த அவனைப் பழக்கு. அவனோடு ஒரே மேசையில் சாப்பிடு. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவனிடம்தான் உண்மையான கேள்வியைக் கேட்பான்.

இனி என் விஷயம். போவதும் விடுவதும் உன் விருப்பம், எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதி முடிப்பதுதான் ஒரு தகப்பனுக்கு அழகு என்று நினைக்கிறேன். காலையில் இருந்து அப்படித்தான் மனதில் வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு தலையாட்டல்தான். நீ கேட்டதற்குப் பதில் இது: நான் சுகமாக இல்லை. நீ போவது எனக்கு விருப்பமில்லை. இங்கே இரு. நேற்று மாதிரி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு இரு. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ எனக்காக ஓம் என்று சொல்லிவிடாதே. போகத்தான் வேண்டும் என்றால் போகிறேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போ. அதையும் நான் தாங்குவேன். ஆனால் தெரியாமல் போகாதே.

உன் அப்பா

அண்ணா, மறுபடியும் நான். அப்பா முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கடைசிப் பகுதி வந்ததும் இடது கையை உயர்த்தினார்.

"அதை வெட்டு, பிள்ளை. இங்கே இரு எண்டதையும் வெட்டு, பயம் எண்டதையும் வெட்டு. அவன் பாவம்."

"அது பொய்யா அப்பா?"

"பொய் எண்டு ஆர் சொன்னது?"

"அப்ப ஏன் வெட்டுறது?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேனையை மூடாமல் காத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஆட்கள் கதிரைகளைத் திருப்பி அடுக்கிவிட்டுப் போனார்கள். பிறகு அவர் சுவரைப் பார்த்தபடியே, "கொண்ணன் எப்ப ஏர்போர்ட்டுக்குப் போறான்?" என்றார்.

"ஞாயிறு மத்தியானம்."

"இண்டைக்கு வெள்ளி என்ன?"

"ஓம் அப்பா."

"தபாலில போட்டாச் சுணங்கும். படமெடுத்து இப்பவே அனுப்பு."

எதையும் வெட்டவில்லை, அண்ணா. முன்பக்கங்களை அனுப்பிவிட்டேன், இந்தப் பக்கம் பின்னால் வரும். நீங்கள் வாசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று என் போன் காட்டியது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கீழே வந்து நிற்கிறார். அப்பா அந்தப் போனைத் தன்னிடம் தரச் சொல்லி, உங்கள் பதில் வருமென்று நெஞ்சில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை வைத்திருக்கிறார். இந்தக் கடைசி வரிகளை நடைபாதையில் இருந்து வரும் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வோர்ட்டில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.